தோட்டத்து மரத்தை அறுத்து வீட்டுக்குப் போடலாமா? எந்த மரம் எதற்கு ஆகும்?

கேள்வியின் சாரம் இது: காவிரிப் பாசனப் பகுதியில் நாலு ஏக்கர் தோட்டம். வரப்பிலும் களத்தோரமும் வேம்பு, பூவரசு, வாகை நிற்கின்றன, பெரிய தூங்குமூஞ்சி ஒன்றும் இருக்கிறது. 15 வயதுத் தேக்கு 40, மகோகனி நாலைந்து, வேலியோரம் தைலமரம். அடுத்த ஆண்டு வீடு கட்டப்போகிறீர்கள். நிலை, கதவு, ஜன்னல், கட்டில், அலமாரிக்கு இவற்றையே அறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "நாட்டு மரம்தான் உழைக்கும், வெளிநாட்டு மரம் உளுத்துப்போகும்" என்று ஆசாரி சொன்னது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஆசாரி சொன்னதில் பாதி சரி. உளுப்பதும் உழைப்பதும் மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்ததல்ல. தடியில் வைரம் (நடுவிலுள்ள முதிர்ந்த, நிறம் கருத்த பகுதி) எவ்வளவு, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர்ந்த இளம் பகுதி) எவ்வளவு என்பதுதான் முதல் கணக்கு. வேம்பைக் கரையான் தொடாது என்பார்கள். வேம்பின் வைரத்தைத்தான் தொடத் தயங்கும். வெள்ளையை மற்ற மரத்தைப் போலவே தின்னும், வண்டும் துளைக்கும். தேக்கின் வெள்ளையும் அப்படித்தான். வெள்ளையில் மாவுச்சத்து இருக்கிறது, வண்டுக்கு அதுதான் தீனி. வெள்ளை வைரமாக மாறும்போது மாவுச்சத்து போய், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஒவ்வாத பொருள்கள் அந்த இடத்தில் படிகின்றன. நிறம் கருப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே 12 வயது வேம்பைவிட 40 வயது மகோகனி உழைக்கும், 15 வயதுத் தேக்கைவிட 50 வயதுப் பூவரசு உழைக்கும். தமிழ்நாட்டு மரக்கடைகளில் நிலைக்காக விற்கும் மரங்களில் பல மலேசியா, பர்மா, ஆப்பிரிக்காவிலிருந்து வருபவை. அவை உளுத்துப்போவதாக யாரும் சொல்வதில்லை. முதிர்ந்த காட்டு மரத்தின் வைரம் அது, அவ்வளவுதான்.

மரவாரியாகச் சொல்வதற்கு முன்னால் அளவைச் சொல்லிவிடுகிறேன். பலர் ஏமாறுவது இங்கேதான்.

தடியை நம்மூரில் கன அடியில் அளக்கிறோம். நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 60 அங்குலச் சுற்றளவு, 8 அடி நீளமுள்ள வேப்பந்தடி என்றால் 15 × 15 × 8 ÷ 144 = 12½ கன அடி. இது உருண்டைத் தடியின் உண்மையான கன அளவில் ஏறத்தாழ 78½ சதவீதம்தான். அறுவையில் போகும் கழிவுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த தள்ளுபடி இன்றுவரை அப்படியே இருக்கிறது. மரத்தை விற்பவர் பட்டையோடு அளப்பார், வாங்குபவர் பட்டையைச் செதுக்கிவிட்டு அளப்பார். அரை அங்குலப் பட்டை என்றால் சுற்றளவில் மூன்று அங்குலத்துக்கு மேல் குறையும். மேலே சொன்ன தடி 57 அங்குலமாகி 11¼ கன அடிக்கு வந்துவிடும். ஒரே தடியில் ஒன்றேகால் கன அடி வித்தியாசம். விலை பேசும்போதே பட்டை உண்டா இல்லையா, நாடாவா கயிறா, கால் அங்குலத்தை விடுவதா சேர்ப்பதா என்று பேசிக்கொள்ளுங்கள்.

இனி அதே தடியிலிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். சுற்றளவு 60 என்றால் குறுக்களவு 19 அங்குலம். பட்டையும் வெள்ளையும் போக வைரம் 12½ அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலைக்கு 5 × 3 அங்குலச் சட்டம் வேண்டும். காய்ந்து சுருங்குவதற்கும் இழைப்பதற்கும் சேர்த்து 5¼ × 3¼ ஆக அறுக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் இரண்டுக்கு இரண்டாக நாலு சட்டம் சரியாக அடங்கும். ரம்பம் போகும் கோடு நேராக நடுமையத்தின் மேல் விழும். நடுமையத்தை வைத்துக்கொண்டு அறுத்த சட்டம் எதுவானாலும் வெடிக்கும். அது இங்கே நாலாகப் பிரிந்து ஒவ்வொரு சட்டத்தின் மூலைக்கும் போய்விடுகிறது. நாலு சட்டம், எட்டடி நீளம், மொத்தம் நாலு கன அடிக்கும் கொஞ்சம் குறைவு. 12½ கன அடி என்று வாங்கிய தடியில் நல்ல வைரச் சட்டம் அவ்வளவுதான். இரண்டு வாசலுக்கு நிலைக்கால் ஆகும், மேல்கட்டைக்கு வேறு தடி பார்க்க வேண்டும். மீதி, வெள்ளை கலந்த பலகையும் ரீப்பரும். "பாதி மரம் தூளாகப் போய்விட்டது" என்று மில்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ரம்பமும் மரம் தின்னும். பேண்ட் சா (பட்டை ரம்பம்) இரண்டு மூன்று மில்லிமீட்டர் எடுக்கும், வட்ட ரம்பம் அதைப்போல இரண்டு பங்கு. தோட்டத்துக்கே வந்து செயின் சாவில் பலகை போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் ஒரு வெட்டுக்கு எட்டு ஒன்பது மில்லிமீட்டர் போகும். ஓரங்குலப் பலகை பத்து போட்டால் மூன்று பலகை தூளாகிவிடும். வண்டியில் ஏற்ற முடியாத தூங்குமூஞ்சிக்கு மட்டும் அது சரி.

இப்போது உங்கள் மரங்கள்.

வேம்பு. நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் இரண்டு தொல்லை உண்டு. முதலாவது, ரேகை ஒருபோக்காக ஓடாது. ஒரு வளையம் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது இடப்பக்கம் சாயும். இழைப்புளி ஒரு பக்கம் வழுவழுப்பாகப் போகும், பக்கத்திலேயே பிசிறு பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே மெல்லிய பலகைக் கதவுக்கும் நுட்பமான வேலைக்கும் வேம்பு ஆகாது. கனமான சட்டத்துக்குத்தான் லாயக்கு. இரண்டாவது, ஆணி. வீட்டோரத்து வேம்பில் துணிக்கொடி கட்ட அடித்தது, மாடு கட்ட அடித்தது, அம்மனுக்கு அடித்தது என்று ஏதாவது ஒன்று உள்ளே புதைந்திருக்கும். பேண்ட் சா பிளேடு அதில் பட்டால் பல் போகும், சில சமயம் பிளேடே அறுந்து தெறிக்கும். பல மில்களில் வீட்டு மரம், சாலையோர மரம் என்றால் எடுக்கவே மாட்டார்கள், அல்லது பிளேடு போனால் உங்கள் செலவு என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். தடியின் வெட்டுமுகத்தைக் கழுவிவிட்டுப் பாருங்கள். மை சிந்தியதைப் போல நீலக்கறுப்புத் திட்டு ஒன்று வைரத்துக்குள் நீளமாக ஓடினால் அந்த வரிசையில் எங்கோ இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்பும் துருவும் சேர்ந்தால் வரும் நிறம் அது. கருவேலந்தடியிலும் இதே அடையாளம்தான்.

பூவரசு. உங்கள் தோட்டத்திலேயே நல்ல மரம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வைரம் சாக்லேட் நிறம், ரேகை நெருக்கம், காயும்போது அதிகம் கோணாது, இழைத்தால் மினுமினுக்கும். வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் இதைத் தேடியதற்குக் காரணம் அடியும் ஈரமும் தாங்கும் குணம். கட்டில், நாற்காலி, கதவு எல்லாவற்றுக்கும் வரும். ஆனால் நேரான தடி எட்டடிக்கு மேல் அபூர்வம், வயதான மரத்தில் நடுவில் பொந்து விழுந்திருக்கும். வெட்டுவதற்கு முன் கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். பொந்து இருந்தால் சத்தம் மாறும். பொந்து பூவரசைத் தடியாக விற்காதீர்கள், அடிமாட்டு விலைதான் தருவார்கள். சுற்றுவட்டத்தை மட்டும் அறுத்தால் நாற்காலிக் கால், கட்டில் சட்டத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

வாகை. முதிர்ந்த வாகையின் வைரம் கரும்பழுப்பு, தேக்கைவிடக் கனம், அலமாரிக்கும் மேசைக்கும் அருமையாக வரும். வெள்ளைதான் பரந்து கிடக்கும். ஐந்தடிச் சுற்றளவுக்குக் குறைந்த வாகையில் வைரம் கைக்கு எட்டாது. அந்த வெள்ளையை வண்டு போல விரும்புவது வேறு எதுவும் இல்லை. வீட்டுக்குள் கொண்டுபோன பிறகும் பலகையடியில் மாவு மாவாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே வாகையில் வெள்ளையை முழுக்கக் கழித்துவிடுங்கள், அல்லது கீழே சொல்லும் போராக்ஸ் மருந்தை அறுத்த அன்றே கொடுங்கள். அறுக்கும்போதும் இழைக்கும்போதும் வரும் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. ஆசாரி முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது நடிப்பல்ல.

தூங்குமூஞ்சி. தென் அமெரிக்காவிலிருந்து நிழலுக்காக வந்த மரம். வெறும் விறகு என்று விற்றுவிடுகிறார்கள், அது எனக்கு ஒப்புதல் இல்லை. பெரிய மரங்களில் இதைப்போலச் சுருக்கம் குறைந்தது அரிது. பச்சையாகவே குடைந்து கிண்ணம், தட்டு செய்கிற அளவுக்கு நிதானமான மரம். உங்கள் மரம் மூன்றடிக்கு மேல் குறுக்களவு இருந்தால் இரண்டரை அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை தடித்த முழுப் பலகைகளாகப் போடுங்கள்; சாப்பாட்டு மேசைக்கு நகரத்தில் நல்ல விலை. மஞ்சள் வெள்ளைப் பகுதியை வண்டு தின்னும், அதற்கு மருந்து கட்டாயம். நிலைக்கும் வெளிக்கதவுக்கும் வேண்டாம்.

தேக்கு. இங்கேதான் நீங்கள் அதிகம் எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாக. கேரளத்து நிலம்பூரில் கானலி என்ற கலெக்டரும் அவருக்குக் கீழிருந்த சாத்து மேனனும் 1840களில் தேக்கு நட்ட காலத்திலிருந்து தோட்டத் தேக்குக்கு வனத்துறைக் கணக்கு ஐம்பது அறுபது வருடம். 15 வருடத் தேக்கு தண்ணீர் பாய்ந்து வேகமாகப் பெருத்திருந்தாலும் சுற்றளவு இரண்டு இரண்டரை அடிதான் இருக்கும். 30 அங்குலச் சுற்றளவு என்றால் குறுக்களவு ஒன்பதரை. அதில் பட்டையும் வெள்ளையும் போனால் வைரம் ஐந்து ஆறு அங்குலம், அதன் நடுவிலேயே நடுமையம். அதில் ஒரு 5 × 3 சட்டம் போட்டால் நடுமையம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதல் கோடையிலேயே நீளவாக்கில் வெடிக்கும். தேக்குதானே என்று இதில் நிலை போட்டவர்கள் பலர் இரண்டாம் வருடம் மக்குப் பூசி அடைக்கிறார்கள்.

40 மரத்தையும் வெட்டாதீர்கள். இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் இந்நேரம் இரண்டு முறை இடையிடையே மரங்களைக் கலைத்து வெட்டியிருக்க வேண்டும். கோணலும் மெலிவுமான 15 அல்லது 20 மரத்தை இப்போது எடுங்கள். அவற்றில் ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம், ரீப்பர் கிடைக்கும். 2 அங்குலத்துக்கும் 2½ அங்குலத்துக்கும் இடைப்பட்ட சின்னச் சட்டங்களாக, நடுமையத்தை விலக்கி அறுத்துக்கொள்ளுங்கள். மிச்ச மரங்களுக்கு வெளிச்சமும் இடமும் கிடைத்தால் அடுத்த பத்து வருடத்தில் வருகிற பெருக்கம் முழுக்க அடிமரத்தில் போய்ச் சேரும். அதுவே பணம்.

மகோகனி. அமெரிக்க மரம், நம் நாட்டுக்கு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தா தாவரவியல் தோட்டம் வழியாக வந்தது. நிதானமான மரம்: சுருக்கம் குறைவு, இழைக்க எளிது, நிறமும் அழகு. கதவுப் பலகைக்கும் அலமாரிக்கும் தாராளமாகப் போடலாம். ஏக்கருக்கு இத்தனை கோடி என்று நாற்று விற்பவர்கள் சொல்லும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அவர்கள் காட்டும் விலை முதிர்ந்த மரத்தின் விலை. பத்துப் பன்னிரண்டு வயது மரம் வெளுத்தும் இலேசாகவும்தான் இருக்கும். குருத்துத் துளைக்கும் புழு விழுந்த மகோகனி ஆறேழு அடியிலேயே இரண்டாகக் கிளைத்துவிடும், தடியின் நீளம் அங்கேயே முடிந்துபோகும். உங்கள் நாலைந்தில் எதுவும் கவட்டை விட்டிருந்தால் அதை முதலில் எடுங்கள்.

தைலமரம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் நீலகிரிக்கு வந்த இனமும் உங்கள் வேலியில் இருக்கும் இனமும் வேறு; ஆனால் அறுவையில் இரண்டும் தரும் தொல்லை ஒன்றேதான். உயிரோடு நிற்கும்போதே அடிமரத்தின் வெளிப்பகுதி நீளவாக்கில் இழுபட்டும் நடுப்பகுதி நெருக்கப்பட்டும் இருக்கும். வெட்டியதும் அந்த இழுப்பு தளர, சில மணி நேரத்திலேயே முனை நட்சத்திரமாகப் பிளக்கும். ரம்பத்தில் கொடுத்தால் பலகை வெளிப்பக்கம் வில்லாக வளையும். இதற்கு வழி: முனைக்கு உடனே பூச்சு, வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் அறுவை, ஒரு பக்கம் ஒரு பலகை எடுத்தால் தடியைத் திருப்பி எதிர்ப்பக்கம் ஒன்று, நடுவில் நாலங்குலத்தைக் கழித்துவிடுவது, அடுக்கின் மேல் நல்ல கனம் ஏற்றுவது. இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது ரீப்பரும் சென்ட்ரிங் பலகையும்தான். சின்ன மரமென்றால் காகித ஆலைக்கு எடையில் விற்றுவிடுங்கள், மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்காதவை சிலவும் உங்கள் பக்கம் கிடைக்கும் என்பதால் சுருக்கமாக. பலா: வீட்டுக் கதவுக்குத் தேக்குக்கு அடுத்தபடி வைக்கலாம், மஞ்சள் நிறம் வருடம் ஆக ஆகச் செம்பழுப்பாகும், தஞ்சாவூர் வீணை பலாவில்தான். குமிழ்: கோணவே கோணாது, இலேசு, உள்கதவுப் பலகைக்குத் தங்கம், மழைபடும் இடத்தில் வைக்காதீர்கள். மலைவேம்பு: பிளைவுட்டுக்கு உரிக்கத்தான் நடுகிறார்கள், அங்கேயே விற்பது லாபம். மா, இலவம்: பெட்டிப் பலகை, அவ்வளவே. சவுக்கு: அறுக்கவே கூடாது, உருளையாக முட்டுக்கும் சாரத்துக்கும், பிளந்தால் வெடித்துச் சிதறும். சில்வர் ஓக்: ஏற்காடு, நீலகிரி எஸ்டேட் மரம், கால் பிளப்பாக (தடியை நாலாகப் பிளந்து, மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில்) அறுத்தால் பலகையில் மின்னும் திட்டுகள் வரும், அழகுக்கு உள்வேலை செய்யலாம், சிலருக்குத் தூள் பட்டால் தோல் அரிக்கும். ரப்பர்: கன்னியாகுமரிப் பக்கம் மலிவு, வெட்டிய சில நாளில் நீலம் பாய்ந்துவிடும், ஆலையில் மருந்தேற்றியதைத் தவிர வேறு வாங்காதீர்கள்.

சீமைக் கருவேலத்துக்கு ஒரு வரி அதிகம் செலவிடலாம். எல்லோரும் கரி மூட்டம் போடும் இந்த மரம் காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும், கடினமும் உண்டு. நேர்த்தடி மூன்றடிக்கு மேல் கிடைப்பதில்லை என்பதே குறை. சுத்தியல், மண்வெட்டிப் பிடி, தரைக்குப் பதிக்கும் சின்னப் பட்டைகள் என்று போட்டால் நன்றாக உழைக்கும். பிளேடு சீக்கிரம் மழுங்கும் என்பதால் மில்லில் முகம் சுளிப்பார்கள்.

மரங்களை நேரில் பார்த்துப் பழகக் கோயம்புத்தூர் வனக் கல்லூரி வளாகத்தில் 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. வெட்டுமுகம், பலகைமுகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் கடையில் "தேக்கு" என்று கொடுப்பது தேக்கா இல்லையா என்று ஓரளவு பிடிபடும்.

இனி மரம் கெடும் இடம். நல்ல தடிகள் கெடுவது பெரும்பாலும் வெட்டியதற்கும் இழைப்பதற்கும் நடுவில்.

வெட்டியதும் இரண்டு முனைக்கும் அன்றைக்கே பூச்சு கொடுங்கள். மரம் முனைவழியாகத்தான் மிக வேகமாக ஈரத்தை விடும். முனை சுருங்கும்போது உள்ளே இன்னும் ஈரம், அதனால்தான் பிளவு. மீந்த எனாமல் பெயிண்ட், தார், உருக்கிய மெழுகு எதுவானாலும் சரி, கெட்டியாக இரண்டு பூச்சு. ஒன்றும் இல்லையென்றால் சாணியைக் குழைத்து அப்புவார்கள், காய்ந்து உதிர உதிரத் திரும்ப அப்ப வேண்டும். எட்டடிச் சட்டம் வேண்டுமென்றால் தடியை எட்டரை அடியாக விடுங்கள். முனையில் வெடித்ததைக் கழிக்க அந்த அரையடி வேண்டும். தடியை வெயிலிலும் மண்ணிலும் போட்டு வைக்காமல் இரண்டு மூன்று வாரத்துக்குள் அறுத்துவிடுவது நல்லது. அறுக்க நாளாகும் என்றால் குளத்தில் முழுக்க அமிழ்த்துங்கள். தண்ணீருக்குள் தடி வெடிக்காது, வண்டும் விழாது. ஒன்றிரண்டு மாதம் ஊறினால் வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்தும் குறையும். பனங்கையையும் மூங்கிலையும் ஊறப்போட்டதன் காரணம் இதுதான். பாதி மிதக்கப் போட்டால் பயனில்லை, வெளியே தெரியும் பாதியில் பூஞ்சை பிடிக்கும்.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று சொல்வார்கள். நாள் பார்த்து வெட்டுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனால் அதை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள்.

அறுத்த பலகைக்கு வருவோம். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் அநேகமாக இல்லை. பத்தங்குல அகலப் பச்சைத் தேக்குப் பலகை காய்ந்தால் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் குறையும். தைலமரமென்றால் முக்கால் அங்குலம்கூடப் போகும். தடியை ஒரே பக்கமாகப் பலகை பலகையாகப் போட்டுக்கொண்டே போனால் கழிவு குறைவு, அகலப் பலகை கிடைக்கும். ஆனால் ஓரத்துப் பலகைகள் பட்டைப் பக்கம் குழியும். கால் பிளப்பாக அறுத்தால் கழிவும் கூலியும் கூடும், பலகை நேராக நிற்கும். கதவுப் பலகைக்கும் அலமாரிக் கதவுக்கும் மட்டும் கால் பிளப்பு கேளுங்கள், மற்றதற்கு வேண்டாம். ஓரங்குலம் வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள். மில்லில் கேட்காவிட்டால் சரியாக ஒரு அங்குலம்தான் போட்டுத் தருவார்கள், இழைத்தபின் முக்கால்தான் மிஞ்சும்.

அடுக்குவது. காற்றோட்டமான கொட்டகை, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சமமான கட்டைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஓரங்குலச் சதுர ரீப்பர், ஒன்றரை அடி முதல் இரண்டு அடிக்கு ஒன்று. ரீப்பர் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை ரீப்பர் வைத்தால் அந்த இடத்தில் கறை விழும். கீழ்வரிசை ரீப்பருக்கு நேர்மேலே மேல்வரிசை ரீப்பர் வரட்டும். ஓரிடத்தில் அரையடி விலகினால் அந்தப் பலகை பாம்பாக நெளியும், பிறகு எவ்வளவு இழைத்தாலும் நேராகாது. பலகையின் முனைக்கு ஒட்டினாற்போல ஒரு ரீப்பர் இருந்தால் முனைப்பிளவு குறையும். மேலே கனமான கற்களோ கழிவுத் தடியோ ஏற்றுங்கள். பங்குனி, சித்திரைக் காற்று அடிக்கும் பக்கத்தில் கோணிச்சாக்கு கட்டி மறையுங்கள். வேகமாகக் காய்வது நல்லதென்று நினைத்து வெயிலில் பரப்புபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்: மேல்பகுதி சுருங்கி இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், வெளியே மயிரிழை வெடிப்பு ஓடும்.

ஓரங்குலப் பலகை குமிழ், மலைவேம்பு போன்ற இலேசான மரத்தில் இரண்டு மூன்று மாதத்தில் தயாராகும். வேம்பு, வாகை, பூவரசுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றங்குல நிலைச்சட்டத்துக்கு ஒரு வருடம் போதாது என்பதே உண்மை. உங்களுக்கு அடுத்த ஆண்டு வீடு என்றால் நிலைச்சட்டத்துக்கான மரத்தை இப்போதே வெட்ட வேண்டும், அல்லது நிலையைக் கடையில் வாங்கிவிட்டுக் கதவையும் சாமான்களையும் தோட்டத்து மரத்தில் செய்ய வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் இருந்தால் 12 சதவீதத்தை ஒட்டி வரும்வரை பொறுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் அடுக்கின் நடுவிலிருந்து ஒரே பலகையை வாரம் ஒருமுறை எடுத்து மளிகைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் காற்றில் காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை நின்றால் அதை நம்பாதீர்கள், தை வரை பாருங்கள். பழைய மரத்துக்கு மதிப்பு இருப்பதும் இதனால்தான். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைபவர்கள் பழைய வீட்டு உத்திரத்து ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். அது ஆடி அடங்கிய மரம்.

மருந்து. வண்டுக்கு எளிதான வழி போராக்ஸும் போரிக் ஆசிடும். 100 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 6 கிலோ போராக்ஸ், 4 கிலோ போரிக் ஆசிட். இரண்டும் சேர்ந்தால் நன்றாகக் கரையும். அறுத்த அன்றே, ஈரம் இருக்கும்போதே, பலகையை அதில் முக்கியெடுத்து ரீப்பர் வைக்காமல் நெருக்கி அடுக்கிப் பாலிதீன் விரிப்பால் முழுக்க மூடிவிடுங்கள். ஓரங்குலப் பலகைக்கு மூன்று நாலு வாரம். மரத்துக்குள் இருக்கும் ஈரத்தின் வழியாக மருந்து உள்ளே பரவும். காய்ந்த பலகையில் தடவினால் மேல்தோலோடு நின்றுவிடும். பிறகுதான் ரீப்பர் வைத்து உலர்த்துவது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மிச்சக் கரைசலை வயலிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். போரான் கூடினால் பயிர் கருகும். இந்த மருந்து மழையில் கரைந்து ஓடிவிடும் என்பதால் வீட்டுக்குள் வரும் மரத்துக்கு மட்டும் சரி. நிலையின் அடிமுனை ஈரத்தரையில் நிற்கும். அங்கே வைரம் மட்டும் இருக்கும்படி பார்த்து, முனையைத் தாரில் முக்கி, தரைமட்டத்துக்கு மேல் நிற்கும்படி வையுங்கள். கரையான் ஏறுவது பெரும்பாலும் அந்த அரையடி வழியாகத்தான்.

கடைசியாக அனுமதி. உங்கள் பட்டா நிலத்து மரமானாலும் தேக்கை லாரியில் ஏற்றுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் மரம் உங்கள் நிலத்தது என்பதற்கான சான்றையும் வனச்சரக அலுவலகத்தில் போக்குவரத்து அனுமதி தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற பட்டியலை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. ஈட்டி மரத்துக்கு 1994ஆம் ஆண்டுத் தனிச் சட்டமே இருந்தது, இப்போது என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனம், செம்மரம் பக்கம் அனுமதியில்லாமல் கோடாரியே போகக் கூடாது. மலைப்பகுதி என்றால் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குழுவின் ஒப்புதல் வேண்டும், உங்களுக்கு அது பொருந்தாது. வரப்பில் பனை இருந்தால் அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. மில்லிலும் தடி எங்கிருந்து வந்தது என்ற பதிவு வைத்திருக்க வேண்டும் என்பதால் சான்றின் நகலைக் கேட்பார்கள். தடியோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.